ஆளில்லாத மலை எங்கே இருக்கிறது?

இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (தாவரவியல்)

மலை என்றதும் மனம் குளிராதவர் உண்டா? நிலத்தை வகை பிரித்த நம் முன்னோர் மலைக்கும் மலை சார்ந்த இடத்துக்கும் ஒரு பூவின் பெயரையே சூட்டி மகிழ்ந்தார்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. மூணாறு மலைகளில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். அந்த ஆண்டு பூவைப் பார்க்கப் போகிறவர்கள் பூவைப் பார்ப்பார்களா, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பார்களா என்பதுதான் என் கவலை.

வீண் கவலை அல்ல இது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்ற ஏற்பாடு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் வந்தது. அடுத்த கோடையில், 2025 ஏப்ரல் முதல், எண்ணிக்கைக்கே வரம்பு கட்டினார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. கட்டுப்படுத்திய கணக்கே இவ்வளவு என்றால் கட்டுப்படுத்தாத நாளில் எப்படி இருந்திருக்கும்? நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம்; அதன் தலை வரைக்கும் காரிலேயே போகலாம். 1991-இல் 'குணா' படம் எடுத்த கொடைக்கானல் குகையைப் பலர் மறந்திருந்தார்கள். 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடியும் படையெடுப்பு. குகைக்குள் எவரும் போக முடியாது, கம்பி வேலி இருக்கிறது. வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்!

இந்த இரைச்சலில் சலித்த இளைஞர்கள் இப்போது புதிதாக ஒன்றைத் தேடுகிறார்கள். கூட்டம் போகாத பாதை, எவரும் அறியாத மலை, ஆளே இல்லாத காடு. நம் கல்லூரியிலும் இந்த ஆசை பரவியிருக்கிறது. நான் போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரக் கிராமத்தைச் சேர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். "உங்க ஊர்ப் பக்கம் யாருக்குமே தெரியாத பாதை ஒன்று இருக்காமே, சொல்லேன்" என்பார்கள். இயற்பியல் பிரிவுத் தோழி ஒருத்தி நோட்டும் பேனாவுமாகவே வந்துவிட்டாள்.

அவர்களுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அப்படி ஒரு பாதை கிடையாது.

ஏன் கிடையாது? தாவரவியல் படிப்பவள் என்ற முறையில் முதலில் ஒரு சின்னக் காரணம். மலையில் பாதை என்பது தானாக இருப்பதல்ல. கால்கள் மிதிப்பதால் இருப்பது. ஒரு தடத்தில் ஆள் நடப்பது நின்றுவிட்டால் முதல் மழையில் புல் மூடும். அடுத்த மழையில் உண்ணிச்செடி இரு பக்கத்திலிருந்தும் கை நீட்டும். பிறகு அதற்குள் நுழைய அரிவாள் வேண்டும். ஆகவே மலைமேல் மண் தெரியத் தெளிவாக ஒரு பாதை போகிறது என்றால், நேற்றோ முந்தாநாளோ ஒருவர் அதில் நடந்திருக்கிறார் என்று பொருள். நமக்குத் தெரியாத பாதை என்று வேண்டுமானால் சொல்லலாம். யாருக்கும் தெரியாத பாதை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

அந்த ஒருவர் யார்? கொடைக்கானலுக்கு அடியில் வெள்ளகவி என்று ஓர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாலை காணாத ஊர். வட்டக்கானலிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். இல்லையேல் பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏறி நடக்க வேண்டும். அரிசியும் பருப்பும் மனிதத் தலையிலோ குதிரை முதுகிலோதான் போய்ச் சேர்ந்தன. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். கோயிலும் வீடும் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஊரே சன்னிதி போல. அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். காட் ரோடு வராத அந்தக் காலத்தில் அங்கே போக மலைச்சரிவில் கால்நடையாகவோ, குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோ ஏற வேண்டியிருந்தது. தூக்கியவர்களின் பெயரை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. இன்று வெள்ளகவிப் பாதையில் பை மாட்டிக்கொண்டு இறங்குகிறவர் 'அமைதி, என்ன அமைதி!' என்று வியக்கிறார். சரிதான். அதே பாதையில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மேலே ஏறியவர்களுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும்?

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையும் இதுதான். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் வழியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டேஷன் என்கிறார்களே, மலைமேல் ரயில் எங்கே என்று சிறுமியாக இருந்தபோது நான் கேட்டதுண்டு. ரயில் உண்மையிலேயே ஓடியது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் பாதை போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் அதில் வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். 1924 ஜூலை வெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போயிற்று. ரயில் போய், கயிறு போய், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மறைந்து கிடக்கும் காட்டு வழி' என்று நகரத்து நண்பர்கள் சொல்லும் அந்தப் பாதை, ஒரு காலத்தில் கடை வீதி போலச் சரக்கு போன வழி. இன்றும் இலவம் பஞ்சும் காப்பியும் மிளகும் இறங்கும் வழி. முதுவாக்குடி மக்கள் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரும் வழி.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அம்மா நாள்தோறும் மலை ஏறுகிறவர். விடியுமுன் ஜீப் வந்து எங்கள் தெரு முனையில் ஒலி எழுப்பும். தூக்குச் சட்டியோடு பத்துப் பதினைந்து பெண்கள் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். காய் எடுப்பு, களை எடுப்பு, மழையில் நனைந்து வேலை, அட்டைக்கடி, இருட்டியபின் திரும்புவார்கள். மலையேற்றம் என்று ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது, அதற்குப் பணம் கட்டிப் பதிவு செய்கிறார்கள் என்று நான் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் தாயி, காசு குடுத்தா மலை ஏறுவாக? எனக்கு ஏறுறதுக்குக் கூலியில்ல குடுக்குறாக!"

நான் சிரிக்கவில்லை. மலை ஏறுவதை இன்பமாக நினைக்க ஒருவருக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு எனக்குக் கிடைத்திருக்கிறது, அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக மலையேற்றமே பணக்காரர் ஆட்டம் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. நம்மைப் போன்ற பிள்ளைகள், பாடுபட்டுப் படிக்க வந்தவர்கள், ஒரு நாளாவது கூலிக்காக அல்லாமல், விறகுக்காக அல்லாமல், சும்மா மலையைப் பார்ப்பதற்காக மலை ஏற வேண்டும் என்றே சொல்வேன். எப்படி ஏறுவது என்பதுதான் கேள்வி.

'ஆளில்லாத பாதை' என்ற ஆசை எங்கே கொண்டு விடும் என்பதை எங்கள் ஊர் மறக்க முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஏழாம் வகுப்பு. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பலர் இளம் பெண்கள். காய்ந்த புல்வெளியில் தீ பிடித்தது. 23 உயிர்கள் போயின. அனுமதி பெற்ற பாதை வேறு, அவர்கள் நடந்த பாதை வேறு என்று வனத்துறை அப்போது கூறியது. குற்றம் யாருடையது என்று ஆராய நான் வரவில்லை. ஹெலிகாப்டர் வருமுன் இருட்டில் மேலே ஓடியவர்கள் எங்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்களும் மலைவாசிகளும்தான். போர்வையைக் கம்பில் கட்டி, வெந்த உடல்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். என் சித்தப்பா அன்றிரவு போனவர். இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அறிவியல் மாணவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தில் தீ பரவும் வேகம் ஒன்று; மேட்டுச் சரிவில் பரவும் வேகம் வேறு. சரிவில் ஏறும் தீயின் நாக்கு மேலே இருக்கும் புல்லின் பக்கமாகச் சாய்கிறது. வெப்பக் காற்றும் மேல்நோக்கியே போகிறது. தீ தொடுமுன்பே மேலிருக்கும் புல் காய்ந்து, சூடேறி, பற்றிக்கொள்ளத் தயாராக நிற்கிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது காட்டுத் தீயோடு போராடுவோர் கைக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கு, 30 பாகையில் எட்டு மடங்கு. மனிதனோ சரிவு கூடக் கூட மெதுவாக ஏறுகிறவன். மேற்கு மலைத் தொடரின் உச்சிகளில் மடிப்புகளில் சோலைக் காடும் முதுகுகளில் புல்வெளியும் இருக்கும். சோலை ஈரம் காக்கும்; புல்வெளி மாசி, பங்குனியில் வெறும் வைக்கோல். அழகான காட்சி, அகன்ற வானம், ஆளில்லாத வெளி என்று படத்தில் நம்மை இழுப்பதும் அந்தப் புல்வெளிதான். இதையெல்லாம் எங்கள் ஊர்க் கிழவர்கள் சூத்திரமில்லாமலே அறிந்திருக்கிறார்கள். "மாசியிலே புல்லுக்குள்ள போகாதே" என்பதோடு அவர்கள் பாடம் முடிந்துவிடும். வழிகாட்டி வேண்டாம், பாதை எங்களுக்கே தெரியும் என்று போகிறவர்களுக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

அந்தத் துயரத்துக்குப் பின் 2018-லேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் வந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். பழங்குடி மக்களும் காட்டோரக் கிராமத்து இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். நான் மேலே சொன்ன வட்டக்கானல்–வெள்ளகவி அதில் உண்டு. குரங்கணி–சாம்பலாறு உண்டு. 2025-இல் தீப் பருவம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடியும் வைத்தார்கள். கிழவர்களின் பாடம் கடைசியில் அரசாணைக்குள் ஏறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

'அரசு நடத்தும் மலையேற்றமா? சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, அதில் என்ன தனிமை இருக்கும்?' என்று நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் இதற்கு நேர் எதிரான கட்சி. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிற பாதையில்தான் அமைதி நிலைக்கும். கணக்கில்லாமல் திறந்துவிட்ட 'ரகசியப் பாதை' மூன்றே மாதத்தில் சந்தையாகிவிடும். ஒருவர் படம் போடுவார். நூறு பேர் வருவார்கள். பிறகு மேகி கடை வரும். பிறகு ஜீப் வரும். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க விடியுமுன் ஜீப்புகள் வரிசையாக உறுமிக்கொண்டு ஏறுவதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட மாட்டேன். கட்டணம் சில நூறில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகிறது. அந்தப் பணத்தில் வழிகாட்டிக்குக் கூலி போகிறது என்பதால் கட்டணமே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூலியின் அருமை கூலிக்காரி மகளுக்குத் தெரியும். ஆனாலும் பாதைக்குப் பக்கத்து ஊரில் பிறந்த அரசுக் கல்லூரி மாணவி ஒருத்தி, அம்மாவின் சில நாள் கூலியைக் கட்டி, தன் மலையைத் தானே பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஏற்கவில்லை. ரயிலில் சலுகை, பேருந்தில் சலுகை என்று மாணவருக்கு உண்டல்லவா? வார நாட்களில், கூட்டம் குறைந்த பாதைகளில், அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம் வைத்தால் என்ன? பாதையும் வெறுமையாகக் கிடக்காது. வழிகாட்டிக்கும் வேலை நாள் கூடும்.

சரி, அமைதியான பாதை வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி என்ன? உயரத்தை மறந்துவிடுங்கள் என்பேன். நம்மவர்களுக்கு மலை என்றாலே ஊட்டி, கொடைக்கானல், மூணாறு. குளிர் இருந்தால்தான் மலை. கிழக்கு மலைத் தொடரை யாரும் மலையாகவே மதிப்பதில்லை. ஜவ்வாது மலையைப் பாருங்கள். காவலூரில் வானாய்வு நிலையம் அமைத்தார்கள், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் செயல்படத் தொடங்கியது. உயரம் சுமார் 700 மீட்டர்தான். பிறகு ஏன் அந்த இடம்? ஊர் வெளிச்சமில்லாத இருட்டு வானம் வேண்டியிருந்தது. விஞ்ஞானிகள் தேடிப் போன இருட்டையும் அமைதியையும் நாம் ஏன் தேடிப் போகக்கூடாது? கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எல்லோரும் ஆகாய கங்கை அருவிக்கே போகிறார்கள். அருவிக்கு மட்டும் கூட்டம். அரை மணி நேரம் எதிர்த் திசையில் நடந்தால் பலாவும் மிளகுக் கொடியும் மலையாளிக் குடிகளும்தான். சிறுமலை திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலை வாழைப்பழம் வாங்கவே பலர் போகிறார்கள், மலையைப் பார்க்க அல்ல.

திருவள்ளூர் மாவட்டத்தில் கூடியம் குகை அரசின் 40 பாதைகளில் ஒன்று. அதை மலை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள், குன்று அது. ஆனால் அந்தப் பக்கத்து மண் சாதாரண மண்ணல்ல. இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் ஆய்வு வெளிவந்தது. சென்னையின் இரைச்சலுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் முட்புதர்க் காட்டுக்குள் நடந்து அந்தக் குகையின் நிழலில் உட்காரலாம். குளிர் இல்லை, பனி இல்லை, படத்துக்கு அழகில்லை. அதனால்தான் அமைதி இருக்கிறது!

காலத்தையும் பார்க்க வேண்டும். மே மாதத்தில் மலையில் அமைதி தேடுகிறவர், தீபாவளி முதல் நாள் துணிக்கடையில் அமைதி தேடுகிறவரைப் போல. எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் பச்சையாக, ஓடையில் நீரோடு இருப்பது மார்கழி, தை. அதிலும் செவ்வாய், புதன் கிழமைகள். கல்லூரிக்கு விடுப்பு எடுக்கச் சொல்கிறேன் என்று பேராசிரியர்கள் கோபிக்க வேண்டாம். பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் செவ்வாய்க்கிழமைகளும் வருகின்றன.

பெண்கள் பற்றி ஒன்று. 'அமைதியான இடத்துக்குப் பெண் பிள்ளைகள் போகக்கூடாது' என்று வீடுகளில் சொல்வார்கள். ஆணுக்கு ஆளில்லாத இடம் என்றால் சுகம், பெண்ணுக்கு அச்சம். இது பொய் அல்ல, நான் மறுக்கவும் இல்லை. அதனால்தான் ஆளில்லாத பாதை என்பதைவிட, அறிந்த ஆள் உள்ள பாதை என்பதே எனக்குப் பிடிக்கிறது. சென்ற தை மாதம் துறை மாணவிகள் ஐந்து பேர், ஒரு பேராசிரியையோடு, முறைப்படி அனுமதி பெற்றுக் குரங்கணிப் பக்கம் நடந்தோம். வழிகாட்டி முதுவர் குலத்துப் பெரியவர். முதல் ஒரு மணி நேரம் நாங்கள் வாய் ஓயாமல் பேசினோம். அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு திருப்பத்தில் கையைத் தூக்கினார், நின்றோம். ஓடைப் பக்கமிருந்து யாரோ பையன் சீழ்க்கை அடிப்பது போல் ஒரு குரல். தாளமில்லாமல், முடிவில்லாமல், தனக்குத் தானே பாடிக்கொண்டு போகிறது. சீகாரப் பூங்குருவி. எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது.

"பேசாம வந்தா இன்னும் நெறைய கேக்கலாம் பாப்பா" என்றார். பிறகு நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சற்றுத் தூரம் போனதும் அவரே சத்தமாக இருமினார், கைத்தடியால் பாறையில் தட்டினார். இப்போது மட்டும் ஏன் அய்யா சத்தம் என்று கேட்டேன். முன்னால் புதர் அடர்த்தி. கரடி இருந்தால் நாம் வருவது அதற்குத் தெரிய வேண்டும், திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் அடிக்கும் என்றார். எங்கே பேசக்கூடாது, எங்கே பேச வேண்டும் என்பது எந்தப் பாடநூலில் இருக்கிறது? அந்தப் பெரியவர் உடன் இருந்ததால் எங்கள் தனிமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்களைப் பற்றி எழுத நினைத்தேன். எழுதினால் கோபம் வரும், ஆசிரியர் குழு வெட்டிவிடும். விட்டுவிடுகிறேன்.

கடைசியாக நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் சாலையோர ஊரில் நடக்கிறது. தெருக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். வருகிற முகாமை ஒரு மலையடிவார ஊரில் வைக்கலாம். பகலில் பாதையோரத்து உண்ணிச்செடியை வெட்டி அகற்றுவது, பிளாஸ்டிக் பாட்டில்களை மூட்டை கட்டி இறக்குவது, ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பது. ஒரு நாள் மட்டும் வனத்துறையின் அனுமதியோடு மலை ஏறுவது. தாவரவியல் மாணவர்கள் செடிகளைப் பட்டியலிடலாம், விலங்கியல் மாணவர்கள் பறவைகளை எண்ணலாம், தமிழ் இலக்கிய மாணவர்கள் முதுவர் பெரியவர்களிடம் பழங்கதை கேட்கலாம். சமையலுக்கு என் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வர ஒப்புக்கொண்டிருக்கிறார். காசு வாங்காமல் மலை ஏறுவது அவருக்கு அதுவே முதல் முறையாக இருக்கும். இருபத்து மூன்று மாணவ மாணவியர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை முதல்வர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். சேர விரும்புவோர் தாவரவியல் துறை ஆய்வகத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பெயரும் இரத்த வகையும் எழுதிக் கொடுக்கலாம்.